பழகுதலைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள்
(பட்டாபிராமில் நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நமது பட்டாபிராமில் 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21 அடுக்குகளுள்ள டைடல் பூங்கா திறக்கப்பட்டது. உத்தியோகத்தின் பொருட்டு ரயிலேறித் தூரம் சென்றுவந்த நம் பிள்ளைகள் ஊரிலேயே வேலை தேட ஒரு வழி பிறந்திருக்கின்றது. இத்தகைய உத்தியோகங்களுக்குரிய நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் இங்கிலீஷிலேயே நடைபெறுகின்றபடியால், அங்கே நம்மவர் இடறிவிழும் சிறு சொற்றொடர் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். 'யூஸ்ட் டு' என்பதே அது.

'ஐ யூஸ்ட் டு ஒர்க் அட் நைட்' என்றால், 'முன்னே இரவில் வேலை செய்துவந்தேன். இப்பொழுது அப்படியில்லை' என்பது பொருள். 'ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் அட் நைட்' என்றால், 'இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது' என்பது பொருள். 'ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்' என்றால், 'அதற்குப் பழகி வருகின்றேன்' என்பதாகும்.

பாருங்கள்! 'ஆம்' என்னும் சிறு சொல்லும், 'இங்' என்னும் விகுதியும் விட்டுப்போனால் கருத்துத் தலைகீழாய்விடுகின்றது. இரவு வேலைக்குச் சித்தமாயிருக்கும் வாலிபன், அதை விட்டொழித்தவனாகத் தோன்றுகின்றான். கேட்பவர் அவன் மனத்தை அறிவாரோ? சொல்லைத்தானே அறிவார்!

இன்னொன்று. வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகும் வழக்கமுள்ள நம்மவர் பலர், 'ஐ யூஸ்ட் டு கோ' என்கின்றனர். அந்நியர் காதில் அது, போவதை நிறுத்திவிட்டதாகவே படும். இன்றும் உள்ள வழக்கத்திற்கு 'ஐ யூஷுவலி கோ' என்பதே பொருந்தும்.

இப்பேதம் நம் பாஷைக்குப் புதிதன்று. 'செய்துவந்தேன்', 'பழகிவிட்டேன்', 'பழகி வருகின்றேன்' என மூன்றையும் நாம் தினந்தோறும் பிழையின்றிப் பேசுகின்றோம். ஆதலின், முதலில் தமிழில் மூன்றனுள் எது நம் கருத்தென்று தெளிந்து, பிறகு இங்கிலீஷில் சொல்லுதல் நலம். 'டு' என்பதன் பின் 'ஒர்க்', 'கோ' போன்ற வினைப்பகுதி தனித்து வந்தால் கழிந்த வழக்கம். 'ஆம்' முன்னே நிற்க, பெயராவது 'இங்' விகுதி பெற்ற சொல்லாவது பின்னே வந்தால் பழகிய நிலை. இவ்வளவே இலக்கணம்.

பெரியோர்களே! பிள்ளைகள் வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பார்க்கும்போது பிழை நேர்ந்தால் நகையாதீர்கள். நகைப்புக்கு அஞ்சி வாய்மூடும் பிள்ளை, பரீட்சையிலும் வாய் திறவாது. பெண்மக்களுக்கும் இதில் சம உரிமை அளியுங்கள். நாவும் பழகப் பழகவே வசப்படும் என்று கூறி, என் சிற்றுரையை முடித்துக்கொள்ளுகின்றேன்.