உடைமையும் உரிமையும்

வண்டி வாங்கியவன், அதில் எந்த மாட்டைப் பூட்டுவது என்று வண்டி செய்த தச்சனைக் கேட்பதில்லை. விலை கொடுத்துக் கணினியும் கைப்பேசியும் வாங்கும் நமக்கு, அவற்றை இயக்கும் மென்பொருளை மாற்றிக்கொள்ள அத்தகைய உரிமை உண்டா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

2025 அக்டோபர் 14-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. பழுதற்ற பொறியையும் குப்பையில் எறிய வேண்டியதுதானோ என்னும் கவலை பல இல்லங்களில் எழுந்தது.

இக்கவலைக்கு விடை கேரளப் பள்ளிகளில் உண்டு. அங்கு 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிற்று. 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் அமைத்த இயங்குதளத்தை யாவரும் விலையின்றிப் பெறலாம். பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கி எல்லையில் மூணாறு, பீருமேடு முதலிய இடங்களில் தமிழ்வழி பயிலும் நம் சிறுவர்களும் இதிலேயே கணினி கற்கின்றனர். பாடநூலும் தமிழில் கிடைக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் வீட்டில் பழைய கணினி இருப்பின், மகள் பள்ளியில் பயின்ற அதே மென்பொருளை அதில் ஏற்றலாம். காசும் வேண்டா, எவருடைய இசைவும் வேண்டா.

கைப்பேசியின் நிலை வேறு. அது விழித்தெழும்போது முதலில் ஓடும் நிரல், தயாரிப்பாளர் ஒப்பமிட்ட மென்பொருளையே பெரும்பாலும் உள்ளே விடும். கள்வரையும் தீய நிரல்களையும் தடுக்க இப்பூட்டு உதவுகிறது என்பது உண்மையே. ஆயினும் வீட்டுக்குடையவனிடம் சாவி இல்லையெனில் அவன் குடிக்கூலிக்காரனே அன்றோ? சில நிறுவனங்கள் கேட்டால் பூட்டைத் திறந்து விடுகின்றன, சில மறுக்கின்றன.

சட்டம் யாது கூறுகிறது? 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. ஆனால் உடையவனிடம் சாவியைத் தருமாறு தயாரிப்பாளருக்கு அது கட்டளையிடவில்லை. குறை இங்கேதான் உள்ளது.

நேயர்களே, ஊர்விட்டு ஊர் வந்து அரும்பாடுபட்டு ஈட்டும் பொருள் நம்முடையது. புதிய கருவிக்குப் பணம் தருமுன், "இதன் மென்பொருளை நாங்கள் மாற்றிக்கொள்ள இயலுமா?" என்று வினவுவோமாக. மாற்ற முற்படுவோர் தம் கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் நன்று. கேட்போர் பெருகினால், சாவியும் பொருளோடு சேர்ந்தே கைக்கு வரும்.