போர்முனையிலிருந்து ஒரு கடிதம்

1939 நவம்பர். போலந்தில் இருந்த இளம் ஜெர்மன் சிப்பாய் ஒருவர் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் அவர் முக்கியமாகக் கேட்டது பெர்விட்டின் மாத்திரை. பின்னாளில், 1972-இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிச் போல்தான் அந்தச் சிப்பாய்.

பெர்விட்டின் என்பது மெத்தாம்பெட்டமின் என்ற ஊக்கப் போதைமருந்து. 1938-இல் பெர்லினின் டெம்லர் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சின்னக் குழாயில் அடைத்த மாத்திரைகள், மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தன. விழுங்கினால் தூக்கம் வராது, பசி தெரியாது. 1940-இல் பிரான்ஸ் படையெடுப்பையொட்டி ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் போனவை மட்டும் சுமார் மூன்றரைக் கோடி!

இதைப் பழகிய பிறகு ஏன் விட முடிவதில்லை?

பிள்ளை சிரித்தாலும், நல்ல சாப்பாடு கிடைத்தாலும் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கொஞ்சம் சுரக்கும். சற்று நேரத்தில் நரம்பு செல்களே தங்கள் வாசல்கள் வழியே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெத்தாம்பெட்டமின் அந்த வாசல்களை அடைப்பதோடு, உள்ளே சேமிப்பில் இருப்பதையும் வெளியே தள்ளிவிடுகிறது. இந்த வெள்ளம் தொடர்ந்தால் மூளை டோபமைனை உணரும் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் அதே பிள்ளை சிரித்தாலும் மனசு அசையாது. சும்மா எழுந்து நடமாடவே மாத்திரை வேண்டும் என்றாகிவிடும். அந்த நிலையில் இருப்பவரை மன உறுதி இல்லாதவர் என்று ஏசுவது பெரிய அநியாயம்.

மீண்டும் போர்க்காலத்துக்கு வருவோம். 1941-இல் ஜெர்மனி பெர்விட்டினை, போதைப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் அபினிச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆனாலும் போர்முனையில் அதன் புழக்கம் நிற்கவில்லை.

சரி, விட்டுவிட்டால் மூளை மீளுமா? மெத்தாம்பெட்டமினை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆனவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் அந்த வாசல்கள் பெருமளவு மீண்டு வந்திருந்தன.