மோர் குடிக்க வர முடியாதவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கோரிக்கை

(பொன்னேரியில் நமது கட்சி சார்பில் நடந்த நீர்மோர் பந்தல் திறப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



மோர் இருக்கு, தர்பூசணி இருக்கு, கூச்சப்படாம வாங்கிக்குங்க. ஆனா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இரும்பு உருக்குற உலை பக்கத்துல நிக்கிறவர் இங்க வர முடியாது. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏத்திட்டு வரிசையில நிக்கிற டிரைவர் வண்டியை விட்டுட்டு வர முடியாது.

"வேலூர்ல 41 டிகிரி, நமக்கு 38 தானே"ன்னு சிலர் சொல்றாங்க. அந்தக் கணக்கு தப்பு. வேர்வை காய்ஞ்சாதான் உடம்பு குளிரும். நாம கடலோரம். காத்துல ஈரம் அதிகம், வேர்வை ஊத்தும், காயாது. உடம்புச் சூடு உள்ளேயே நிக்கும்.

வெயில்ல வேலை செய்யிறவர் பேச்சு குழறுது, தடுமாறுறார், உடம்பு அனலா கொதிக்குதுன்னா அது சாதாரண மயக்கம் இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். 108-ஐ கூப்பிடுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறுங்க. ஐஸ் கிடைச்சா கழுத்து, அக்குள்ல வைங்க. நினைவு இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும்.

வேலைக்குப் புதுசா சேர்ந்தவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சூட்டுக்கு உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ நேத்து ரயில்ல வந்து இறங்கின தம்பியை இன்னைக்கே உலைக்கு முன்னாடி முழு ஷிப்டு நிறுத்துறது என்ன நியாயம்? இன்னொண்ணு, வெளிய சொல்லக் கூச்சப்படுற விஷயம். கழிப்பறை சரியில்லைன்னு நம்ம சகோதரிங்க தண்ணியே குடிக்காம வேலை பாக்குறாங்க. அங்க போய் "தண்ணி நிறைய குடிங்கம்மா"ன்னு போஸ்டர் ஒட்டி என்ன பிரயோஜனம்?

நாம ஒண்ணும் புதுசா கேக்கலை. 250 பேருக்கு மேல வேலை பாக்குற ஆலையில கோடைக்குக் குளிர்ந்த குடிநீர் தரணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்தச் சட்டப்படி கான்ட்ராக்ட் ஆளும் தொழிலாளியாத்தான் இருந்தார். வெப்ப அலையை மாநிலப் பேரிடராத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல அறிவிச்சது. அதனால இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனா மரணத்துக்கு வெப்பம்தான் காரணம்னு சான்று வேணும். வெறுமனே "மாரடைப்பு"ன்னு எழுதிட்டா குடும்பம் தெருவுல நிக்கும். அப்படி ஒரு சாவு நடந்தா, எந்த நேரத்துல, எந்த இடத்துல, எத்தனை மணி நேரம் வேலை செஞ்சார்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. உடனே நம்ம தோழர்களுக்கும் தகவல் கொடுங்க.

நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் திறந்தவெளி வேலைக்கு ஓய்வு, கன்டெய்னர் வரிசையில நிழலும் தண்ணியும் கழிப்பறையும், புது ஆளுக்கு முதல் வாரம் குறைஞ்ச நேர வேலை. இதைக் கேட்டு சார் ஆட்சியர் அலுவலகத்துல மனு கொடுக்கப் போறோம். கையெழுத்து நோட்டு மோர்ப் பானைக்குப் பக்கத்துலயே இருக்கு. இந்தியில எழுதின தாளும் இருக்கு, வடமாநிலத் தோழர்களையும் கூட்டிட்டு வாங்க.