ஐந்து எழுத்தும் ஒரு கடிதமும்

(சேலத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, துப்பறியும் கதையில நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

2010இல் பி.பி.சி. தொலைக்காட்சி ‘ஷெர்லாக்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. கோனன் டாயிலின் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் முதல் பகுதியை மட்டும் ஒரு பிரதியாக எடுத்துக்கொள்கிறேன்.

1887இல் வந்த மூல நாவலில், பிணம் கிடக்கும் அறைச் சுவரில் ரத்தத்தால் ஐந்து எழுத்து: ஆர், ஏ, சி, எச், ஈ. ‘ரேச்சல்’ என்ற பெயரை எழுத வந்து முடிக்காமல் விட்டது என்கிறார் போலீஸ்காரர். ஹோம்ஸோ, அது ஜெர்மன் சொல், பழிவாங்கல் என்று பொருள் என்கிறார். தொலைக்காட்சியில் இதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்கள். செத்துப்போன பெண் தரையில் நகத்தால் கீறிய அதே ஐந்து எழுத்தைத் தடயவியல் ஆள் ஜெர்மன் என்கிறார். ஷெர்லாக் ரேச்சல் என்கிறார். குறிப்பான் ஒன்றுதான், குறிப்பீடு இடம் மாறிவிட்டது.

அவளுக்கு முன் மூன்று பேர் விஷத்தால் செத்திருக்கிறார்கள். போலீஸ் தற்கொலை என்கிறது. எவரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. இவள் எழுதினாள், அந்தப் பெயர்தான் கொலையாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கொலையாளி டாக்சி ஓட்டுகிறவன். நாவலிலும் வண்டிக்காரன்தான். உழைக்கிறவன் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை, பட்டால் கொலைகாரனாகத்தான் படுவான் போலிருக்கு!

ஷெர்லாக் ஒருவரைப் பார்த்ததும் திரையில் எழுத்துகள் மிதக்கும். மோதிரம் வெளியே அழுக்கு, உள்ளே பளபளப்பு. அப்படியானால் அடிக்கடி கழற்றுகிறவள். இதை மேதமை என்கிறார்கள். நம்ம பக்கத்து டீக்கடை பெஞ்சில் இந்த மேதமை எப்போதும் மலிவு. ‘தம்பி எந்த ஊருங்க? ஊர்ல எந்தப் பக்கமுங்க? அப்பா பேரு என்னங்க?’ மூணே கேள்வி. ‘ங்க’ போட்டுக் கேட்பதெல்லாம் அதுவரைக்கும்தான். நம் தலைக்கு மேலும் எழுத்து மிதக்கிறது, அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

2015 ஜூன் 23. திருச்செங்கோடு மலைக்கோயிலில், பாதி ஆணும் பாதி பெண்ணுமாய் நிற்கிற அர்த்தநாரீசுவரர் சன்னதியில், ஓமலூர் கோகுல்ராஜ் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் தலித், அவள் ஆதிக்க சாதி. ஒரு கும்பல் இருவரையும் வாசித்தது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாய்க் கிடந்தான். கூடவே ஒரு தற்கொலைக் கடிதம். மிரட்டி எழுத வைத்தது என்பது அரசுத் தரப்பு.

லண்டன் கதையில் எழுத்து செத்தவளின் உண்மை. இங்கே எழுத்து கொன்றவனின் பொய். போலீஸ் முதலில் சந்தேக மரணம் என்றே பதிந்தது. சேலம் அரசு மருத்துவமனையில் உறவினர்களும் இயக்கத்தவரும் உடலை வாங்க மறுத்துப் போராடினார்கள். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான் கொலை வழக்கானது. விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அந்த செப்டம்பரில் தூக்கில் பிணமாகக் கிடந்தார். அங்கேயும் கடிதம்! சி.பி.ஐ. தற்கொலை என்றது, பெற்ற தகப்பன் ஏற்கவில்லை.

கோகுல்ராஜ் வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கோயில் காமிராவின் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மலைக்கே வந்து காமிரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். ஜூனில் எட்டுப் பேரின் ஆயுளை உறுதிசெய்து, இருவருக்கு மட்டும் தண்டனையைக் குறைத்தார்கள்.

தோழர்களே, காமிராப் பதிவு ரொம்ப நாள் நிற்காது. பழையதன் மேல் புதுசு ஏறி அழிந்துபோகும். தண்டவாளத்தில் நம்ம பிள்ளை கிடந்தால், கூடக் கடிதமும் கிடந்தால், வழியில் உள்ள கோயில், கடை, டோல்கேட் பதிவுகளைக் கைப்பற்றச் சொல்லி அன்னைக்கே ஸ்டேஷனில் எழுத்தில் மனுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.