சேலம் நகரத்துச் சூனியமும் காதல் நாவல்களும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் சிற்றூர் சேலம். தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு உறவு இல்லை. மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் பேய், சூனியம், சாபம் ஆகியவற்றோடு காதலைச் சேர்த்துப் பின்னும் ஆங்கில நாவல்களில் அந்த ஊரின் பெயர் மீண்டும் மீண்டும் அடிபடுகிறது.

இவ்வகை எழுத்தை அமானுஷ்யக் காதல் நாவல் எனலாம். காதலர் இருவரில் ஒருவராவது சாதாரண மனிதப் பிறவியாக இருக்கமாட்டார். மந்திரம் அறிந்தவராகவோ, ஆவியாகவோ, ரத்தக்காட்டேரியாகவோ இருப்பார். எத்தனை இடர் வந்தாலும் கடைசியில் நம்பிக்கை தரும் முடிவு வேண்டும் என்பது வாசகர்களின் எதிர்பார்ப்பு. காதலுக்கு வலுவான தடை ஒன்றும் வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பகையும் சாபமும் அதற்கு ஏற்றவை. அந்தப் பகை சேலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1692ஆம் ஆண்டின் தொடக்கம். சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டில் அவருடைய 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுப் பெண்ணுக்கும் வலிப்பு போன்ற உபாதை கண்டது. சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. முதலில் பிடிபட்ட மூவரில் ஒருவர், அந்த வீட்டில் அடிமையாக இருந்த டிட்யூபா. அதன்பின் குற்றச்சாட்டு ஊர் ஊராகப் பரவியது. செப்டம்பர் முடிவதற்குள் 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டார்கள். பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் மேல் கல் ஏற்றிக் கொன்றார்கள். சிறையில் இறந்தவர்கள் தனி. கதைகளில் அடிக்கடி வருவதுபோல் சேலத்தில் யாரும் உயிரோடு எரிக்கப்படவில்லை.

ஊர்ப் பெரியவர்களின் குடும்பங்களும் தப்பவில்லை. சேலத்தின் மூத்த போதகர் ஜான் ஹிக்கின்சனின் மகள் ஆன் டாலிவர்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. அவருடைய சகோதரர் நத்தானியேல் ஹிக்கின்சன்தான் சென்னை மாநகராட்சியின் முதல் மேயர்.

அந்த வழக்குகளில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சாட்சியம் கவனிக்கத்தக்கது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வீட்டில் படுத்திருந்தாலும், அவருடைய உருவம் மட்டும் வெளியே போய்ப் பிறரைத் துன்புறுத்தும் என்று நம்பினார்கள். ஜூன் 10ஆம் தேதி முதலாவதாகத் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப்புக்கு எதிராக ஆண்கள் சிலர் சாட்சி சொன்னார்கள். இரவில் அவருடைய உருவம் தங்கள் படுக்கையறைக்குள் வந்தது, மேலே ஏறி அமர்ந்து மூச்சை அடைத்தது என்பது அவர்கள் வாக்குமூலம். பிஷப் எல்லாவற்றையும் மறுத்தார். அந்த மறுப்பு எடுபடவில்லை. பூட்டிய அறைக்குள் நள்ளிரவில் வந்து நிற்கும் உருவம் இன்றைய அமானுஷ்யக் காதல் நாவலில் நாயகியின் மனத்தைக் கவர்கிறது. 1692இல் அது ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது.

இந்தப் பகையைக் காதல் கதையாக்கும் வழியை 1851ஆம் ஆண்டிலேயே காட்டியவர் சேலத்தில் பிறந்த நத்தானியேல் ஹாத்தோர்ன். அன்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதி ஜான் ஹாத்தோர்ன் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை. அந்த மூதாதையின் செயல் எழுத்தாளரை உறுத்திக்கொண்டே இருந்தது. ‘ஏழு முகட்டு வீடு’ என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய நாவலில், மேத்யூ மால் என்பவரைச் சூனியப் பழி சுமத்திக் கொல்லச் செய்து, அவருடைய நிலத்தில் வீடு கட்டுகிறார் கர்னல் பிஞ்சன். தூக்குமேடையில் மால் இட்ட சாபம் பிஞ்சன் பரம்பரையை விடுவதில்லை.

அந்த நாவலில் ஒரு காட்சி. புகைப்படம் எடுக்கும் இளைஞன் ஹால்கிரேவ், பிஞ்சன் குலத்துப் பெண் ஃபீபிக்குத் தான் எழுதிய கதையைப் படித்துக் காட்டுகிறான். மால் வம்சத்தான் ஒருவன் பிஞ்சன் வீட்டுப் பெண்ணை மனவசியத்தால் அடிமையாக்கி அழித்த கதை அது. கேட்கக் கேட்க ஃபீபியின் கண்கள் செருகுகின்றன. இன்னும் ஒரு கையசைவு போதும், அவளும் அவன் வசமாகிவிடுவாள். ஹால்கிரேவ் அதைச் செய்யாமல் அவளை மயக்கத்திலிருந்து விடுவிக்கிறான். அவனே மால் வம்சத்தின் வாரிசு என்பது பின்னால் தெரிகிறது. இருவரும் ஒன்றுசேர, பழைய பகை தீர்கிறது. கையில் இருக்கும் சக்தியைக் காதலுக்காகப் பயன்படுத்தாமல் விடுவதைப் பின்னால் வந்த நாவல்கள் பலவும் சொல்கின்றன. ஹாத்தோர்ன் அளவுக்கு அடக்கமாகச் சொன்னவை குறைவு.

காதலைப் புகுத்தியதால் வரலாறு திரிந்ததும் உண்டு. ஆர்தர் மில்லர் 1953இல் எழுதிய ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தில், தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான ஜான் ப்ராக்டருக்கும் பாரிஸ் வீட்டின் அந்த உறவுப் பெண் அபிகெய்ல் வில்லியம்ஸுக்கும் கள்ள உறவு. உண்மையில் அபிகெய்லுக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ, ப்ராக்டருக்கு அறுபதை ஒட்டி. மில்லர் பெண்ணின் வயதைக் கூட்டி, ஆணின் வயதைக் குறைத்தார். நாடகம் மிகச் சிறந்தது. ஆனால் ஒரு பெண்ணின் பொறாமையால்தான் சேலத்தில் அத்தனையும் நடந்தது என்ற தவறான எண்ணம் பரவ அதுவும் காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூனியக்காரி அச்சத்துக்குரியவளாக இல்லாமல் அன்புக்குரியவளாக மாறினாள். சாதாரண மனிதனை மணந்த மந்திரக்காரியைப் பற்றிய ‘பிவிட்ச்ட்’ தொலைக்காட்சித் தொடரின் சில பகுதிகள் 1970இல் சேலத்தில் படமாக்கப்பட்டன. அந்த நாயகிக்கு 2005இல் ஊர் நடுவே சிலையும் எழுந்தது. இன்று காவல் துறை வாகனத்தின் சின்னத்தில்கூடச் சூனியக்காரி இருக்கிறாள். அக்டோபர் மாதம் முழுக்கத் திருவிழா.

புதிய நாவல்களில் பலவற்றுக்கும் வாரிசுரிமையே மையம். ஆலிஸ் ஹாஃப்மன் 1995இல் எழுதிய ‘பிராக்டிகல் மேஜிக்’ ஓவன்ஸ் குடும்பத்துப் பெண்களின் கதை. 2020இல் வந்த அதன் முன்கதையில், அந்தக் குலத்தின் முதல் பெண்ணான மரியா நீதிபதி ஜான் ஹாத்தோர்னையே காதலித்து ஏமாறுகிறாள். டெபோரா ஹார்க்னெஸ் 2011இல் படைத்த டயானா பிஷப், தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட்டின் வழிவந்தவள். அவள் காதலிப்பது ரத்தக்காட்டேரியை. ஏட்ரியானா மேதர் 2016இல் எழுதிய நாவலில், சூனிய வழக்குகளை ஆதரித்து எழுதிய போதகர் காட்டன் மேதரின் சந்ததியான பள்ளி மாணவி சேலத்துக்குக் குடிவருகிறாள். அங்கே ஓர் ஆவியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள்.

இவற்றில் தனித்து நிற்பது கேத்தரின் ஹவ் 2009இல் எழுதிய டெலிவரன்ஸ் டேன் என்ற பெண்ணின் மருந்து நூல் பற்றிய நாவல். ஆய்வு மாணவி கோனி, சேலத்தை அடுத்த மார்பிள்ஹெட்டில் பாட்டியின் பாழடைந்த வீட்டைச் சுத்தம் செய்கிறாள். பழைய பைபிளிலிருந்து ஒரு சாவி கிடைக்கிறது. அதன் குழல் போன்ற தண்டுக்குள் சுருட்டி வைத்த துண்டுச் சீட்டில் அந்தப் பெண்ணின் பெயர். அந்தப் பெயரைத் தேடிப் பழைய பதிவேடுகளுக்குள் அவள் இறங்குகிறாள்; தேவாலயக் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் சாம் என்ற இளைஞனின் உயிரைக் காக்கவும் பின்னர் அந்தத் தேடல் தேவைப்படுகிறது. காதலோடு ஆவணங்களின் தூசியும் கலந்திருப்பதே இந்த நாவலின் பலம்.

இவ்வகை நாவல்கள் மீது ஒரு நியாயமான குறை உண்டு. 1692இல் சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்றவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். நான் சூனியக்காரி அல்ல என்று கடைசிவரை சொன்னவர்கள்தான் தூக்கில் தொங்கினார்கள். கதையின் சுவைக்காக அவர்களை மெய்யான மந்திரக்காரிகளாக்கும் நாவல், அறியாமலே நீதிபதிகளின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் எழுத்தாளருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. கற்பனையான பெண்ணுக்கு எந்தச் சக்தியையும் தரலாம். பெயரோடு வாழ்ந்து, பெயரோடு கொல்லப்பட்டவருக்கு அப்படித் தருவது அவருடைய கடைசி வாக்குமூலத்தை மறுப்பதாகும்.

நாவல்கள் வாரிசுகளையே சுற்றிவர, வாரிசு இல்லாத ஒருவர் உண்மை வரலாற்றில் இருந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் தப்பிய எலிசபெத் ஜான்சன் ஜூனியருக்குப் பிள்ளைகள் இல்லை. மற்றவர்களின் சந்ததியினர் மன்றாடிப் பழியைத் துடைத்தபோது அவர் பெயர் விடுபட்டுப்போனது. நார்த் ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து அவருக்காக வாதாடினார்கள். 2022இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.