அழைப்பு வராத அணி
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேசுகிறவர்கள் பரிசு வாங்கிய பிள்ளைகளைப் பாராட்டிப் பேசுவது வழக்கம். நானும் அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எனக்குக் கொடுத்திருக்கும் பத்து நிமிடத்தில், பரிசு வாங்காத பிள்ளைகளைப் பற்றியும் அவர்களுடைய அப்பா அம்மாவைப் பற்றியும்தான் பேசப் போகிறேன். அதற்கு அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து அணிக்கு நடந்த கதையை எடுத்துக்கொள்கிறேன். "என்னடா இது, வாத்தியார் தோட்டத்துல நின்னுக்கிட்டு அமெரிக்காவைப் பத்திப் பேசுறாரே" என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்த நாட்டில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துக்கு மவுசு அதிகம். முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் ஒரு குழு கூடி, அவற்றில் சிறந்த அணிகளைப் பொறுக்கி எடுத்துப் பெரிய போட்டிக்கு அழைக்கும். 2024-ஆம் ஆண்டில் 68 அணிகள் அழைக்கப்பட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தொலைக்காட்சியில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். நம் பெயர் வருமா, வருமா என்று ஊரே உட்கார்ந்து பார்க்கும்.

பெயர் வராதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களில் 32 அணிகளுக்கு இன்னொரு போட்டி இருக்கிறது. 'தேசிய அழைப்புப் போட்டி' என்பது அதன் பெயர். உண்மையில் இதுதான் மூத்த போட்டி. நியூயார்க் நகரத்து விளையாட்டு நிருபர்கள் 1938-இல் தொடங்கியது. பெரிய போட்டி பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஒரு காலத்தில் இதற்கு இருந்த மரியாதையே வேறு. 1970-இல் மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் அல் மெக்குவயர், பெரிய போட்டிக்கு வந்த அழைப்பை வேண்டாமென்று தள்ளிவிட்டு, இந்தப் போட்டிக்குப் போய் வெற்றிக் கிண்ணத்தோடு திரும்பினார்.

காலம் மாறியது. பெரிய போட்டி 1985-இல் 64 அணிகளாக விரிந்தது. நல்ல அணிகளெல்லாம் அங்கே போய்விட்டன. மூத்த போட்டி, மிச்சம் மீதி உள்ளவர்களின் போட்டியாகிவிட்டது. 'அழைக்கப்படாதவர்களின் போட்டி' என்றே அதைக் கேலி செய்வார்கள். "நீ இதிலே ஜெயிச்சாலும் அறுபத்தொன்பதாவது ஆள்தான்" என்று சிரிப்பார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். இந்தியானா மாநிலத்தில் டெர்ரா ஹோட் என்று ஓர் ஊர். மக்கள் தொகை ஏறக்குறைய 58,000. ரயில் தொழிலாளர்களுக்காகப் போராடிச் சிறைக்குச் சென்ற தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் பிறந்த ஊர் அது. அங்கே இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1865-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக அமைக்கப்பட்டுப் பிறகு வளர்ந்த நிலையம். அதனுடைய அணிக்குச் 'சிக்கமோர்ஸ்' என்று பெயர். சிக்கமோர் என்பது ஒரு மரம். மரத்தை நம்பி வாழும் நமக்கு அந்தப் பெயரே கொஞ்சம் நெருக்கமாகப் படுகிறது.

1979-இல் லேரி பேர்ட் என்ற மாபெரும் ஆட்டக்காரர் அந்த அணியில் இருந்தார். தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்று, பெரிய போட்டியின் இறுதி ஆட்டத்தில் மட்டும் தோற்றார்கள். அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே ஊர் வாழ்ந்து வந்தது. 2011-க்குப் பிறகு பெரிய போட்டிக்கு அழைப்பே வரவில்லை.

2024-இல் ஒரு நல்ல அணி அமைந்தது. ஜோஷ் ஷெர்ட்ஸ் என்பவர் பயிற்றுநர். ராபி அவிலா என்ற நெட்டைப் பிள்ளை நடு ஆட்டக்காரர். மூக்குக் கண்ணாடி போட்டவர். ஓட்டத்தில் அப்படியொன்றும் வேகமில்லை. பார்த்தால் நம் வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் புத்தகப் புழு மாதிரி இருப்பார். ஆனால் பந்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும். அந்த அணி தங்கள் வட்டாரக் கூட்டமைப்பில் முதலிடம் பிடித்தது. ஆனால் வட்டார இறுதி ஆட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்திடம் 80-க்கு 84 என்று தோற்றுவிட்டது. வருஷமெல்லாம் நன்றாகப் படித்த பிள்ளை பரீட்சை நாளன்று சறுக்கியது போல!

28 ஆட்டங்களில் வெற்றி, 6 ஆட்டங்களில்தான் தோல்வி. அப்படியிருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை 68 பெயர்களையும் வாசித்து முடித்தார்கள். இவர்கள் பெயர் அதில் இல்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் சில பெரிய கல்லூரிகள், பெரிய போட்டி கிடைக்கவில்லையென்றதும், "சின்னப் போட்டிக்கு நாங்க வரல" என்று வீட்டிலேயே இருந்துவிட்டன. டெர்ரா ஹோட் பிள்ளைகள் போனார்கள். மூன்றே நாளில், ஒரு புதன்கிழமை, அவர்களுடைய சொந்த அரங்கிலேயே முதல் ஆட்டம். ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? "அதான் பேர் வரலையே, இனிமே என்ன இருக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தார்கள். முதல் ஆட்டத்தில் 101-க்கு 92 என்று வெற்றி. அடுத்து மினசோட்டாவை 76-க்கு 64, சின்சினாட்டியை 85-க்கு 81 என்று வென்றார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஊர் கூடவே இருந்தது.

அரையிறுதியும் இறுதி ஆட்டமும் இந்தியானாபொலிஸ் நகரில், 1928-இல் திறக்கப்பட்ட ஹிங்கிள் அரங்கில் நடந்தன. ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கார்ப் பயணம். அதுவும் செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. மறுநாள் விடிந்தால் வேலை. இருந்தும் வந்தார்கள். அரையிறுதியில் யூட்டாவை 100-க்கு 90 என்று வென்ற அன்று, அரங்கமே டெர்ரா ஹோட்டாக மாறிவிட்டது.

ஏப்ரல் 4, இறுதி ஆட்டம். எதிர்த்து நின்றது நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகம். அதுவும் பெரிய போட்டிக்கு அழைப்பு வராத அணிதான். கடைசி நிமிடங்கள் வரை நம் கதைக்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். பிறகு எதிரணி எட்டிப் பிடித்தது; 79-க்கு 77. இரண்டே புள்ளி! கிண்ணம் கை நழுவிப் போனது.

கதை இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சில நாட்களில் பயிற்றுநர் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். சில வாரங்களில், வழக்கமாக முதலில் களமிறங்கும் ஐந்து ஆட்டக்காரர்களும் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். கண்ணாடிப் பிள்ளை அவிலாவும் பயிற்றுநரோடு போய்விட்டார். அவர்கள் மேல் குற்றமில்லை. நல்ல வாய்ப்பு வந்தால் யார்தான் போகமாட்டார்கள்?

அப்படியென்றால் ஊருக்கு என்னதான் மிஞ்சியது? கிண்ணமும் இல்லை, அணியும் இல்லை. அத்தனை பேர் வேலை நாளில் போய் வந்தது வீண்தானே என்று ஒருவர் கேட்கலாம். வீண் இல்லை என்பதுதான் என் கருத்து. பெயர் விடுபட்டு மனமொடிந்து நின்ற பிள்ளைகள், அடுத்த முறை களத்தில் இறங்கியபோது தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. 'உன்னைப் பொறுக்கியவர்கள் விட்டுவிட்டாலும் நாங்கள் விடவில்லை' என்று ஊர் சொன்னது. இதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லிவிட்டார்கள். அந்த நாள் தவறினால் பிறகு சொல்ல முடியாது.

பெற்றோர்களே! இன்று இங்கே ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பேருக்குத்தான் பரிசு. மற்ற பிள்ளைகளும் அதே வெயிலில் நடந்து வந்து, அதே வகுப்பில் உட்கார்ந்து, அதே பரீட்சையை எழுதியவர்கள்தாம். "நம்ம புள்ளைக்குத்தான் ஒண்ணும் இல்லியே, நாம எதுக்குப் போறது?" என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். அது பிள்ளையின் காதில் விழுகிறது. தன் பிள்ளை பரிசு வாங்கியதும் எழுந்து போகிறவர்களும் நம்மில் உண்டு. மீதிப் பிள்ளைகள் மேடையேறும்போது காலி நாற்காலிகள்தான் கைதட்ட வேண்டியிருக்கிறது.

நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. ஒரு நாள் சம்பளத்தின் அருமை இந்தத் தோட்டத்தில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா வர முடியாவிட்டால் அம்மா வரட்டும். அம்மாவும் முடியாவிட்டால் பாட்டி வரட்டும். ஓட்டப் பந்தயத்தில் நாலாவதாக வரும் பிள்ளைக்கும், நாடகத்தில் ஒரு வரி மட்டும் பேசும் பிள்ளைக்கும், தேர்ச்சி அறிக்கையில் இரண்டு புள்ளி கூட வாங்கி வந்த பிள்ளைக்கும் ஓர் ஆள் வேண்டும். நம் பிள்ளைகளும் ஒரு நாள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். போகிற இடத்தில், 'எனக்காக வந்து நின்னாங்க' என்று நினைக்க அவர்களுக்கு ஏதாவது இருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரே வார்த்தை. பட்டியலில் பெயர் வரவில்லையென்றால் அழுகை வரும், அழுதுவிடுங்கள். மூன்றாம் நாள் அடுத்த ஆட்டம் இருக்கிறது. அதற்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னும் சிறிது நேரத்தில் பரிசுகள் வழங்கப்படும். கடைசிப் பிள்ளை மேடையிலிருந்து இறங்கும்வரை எல்லோரும் அமர்ந்திருந்து கைதட்ட வேண்டுமென்று அன்போடு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.