கைமாறும் பந்து



யாதொரு பயனையும் கருதாத யந்திரம் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறோம். அந்த யந்திரம் மாவு அரைப்பதில்லை, நூல் நூற்பதில்லை, வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் இல்லை. ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் குறுக்களவு உடைய, சுண்டைக்காய் அளவேயான பிளாஸ்டிக் பந்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் சேர்ப்பது ஒன்றே அதன் தொழில். சேர்த்த பந்தை அடுத்த யந்திரம் ஏற்றுக்கொள்ளும். அது தனக்கு அடுத்ததற்கு அளிக்கும். இவ்வாறு பந்து பல யந்திரங்களைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். இதற்காக அறிவிற் சிறந்த பலர் தங்கள் விடுமுறை நாட்களை மனமுவந்து செலவிடுகின்றனர். இதில் அப்படி என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

இந்த யந்திரங்கள் லெகோ என்னும் விளையாட்டுக் கட்டைகளால் ஆனவை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934-இல் தம் தொழிலுக்கு ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி ‘லெகோ’ என்று பெயரிட்டார். மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இன்றைய கட்டையின் அமைப்புக்கு 1958 ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமை கோரி விண்ணப்பம் செய்யப்பட்டது. அவ்வாண்டு வார்த்த கட்டையும் இன்று வார்த்த கட்டையும் பிசகின்றிப் பொருந்தும். 1977-இல் பற்சக்கரங்களும் அச்சுகளும் அடங்கிய தொழில்நுட்பத் தொகுதிகள் வெளிவந்தன. அதன் பின்னர், வீடு கட்டிய கைகள் யந்திரமும் கட்டத் தலைப்பட்டன.

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அமெரிக்காவில் ஸ்டீவ் ஹாசன்பிளக் முதலிய ஆர்வலர்கள் இத்தகைய பந்து யந்திரங்களுக்கு ஒரு பொது ஒழுங்கை வகுத்தனர். அதற்கு ‘கிரேட் பால் கான்ட்ராப்ஷன்’ என்பது பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பெயரின் கடைசிச் சொல் சற்றுத் தொல்லை தருவது. ‘யந்திரம்’ என்றால் அதில் உள்ள கேலி போய்விடுகிறது. ‘கோமாளிப் பொறி’ என்றால் அதில் உள்ள பெருமை போய்விடுகிறது. ஆகையால் வெறுமே ‘பந்துப் பொறி’ என்று வழங்குவோம்.

அவர்கள் வகுத்த விதிகள் மிகச் சில. ஒவ்வொரு பொறியின் முகப்பிலும் பந்துகளை ஏற்பதற்கு ஒரு கூடை இருத்தல் வேண்டும். கூடையின் வெளியளவு பத்துக் குமிழுக்குப் பத்துக் குமிழ். உள்ளளவு எட்டுக்கு எட்டு. அதன் விளிம்பு பத்துக் கட்டை உயரத்தில் இருக்கும். ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். எனவே கூடையின் உள்வாய் 64 மில்லிமீட்டர் சதுரம். விளிம்பின் உயரம் 96 மில்லிமீட்டர். பொறியானது சராசரியாக ஒரு வினாடிக்கு ஒரு பந்து வீதம் ஏற்று, அடுத்த பொறியின் கூடையில் இட வேண்டும். பந்துகளை ஒவ்வொன்றாக அனுப்பலாம். சேர்த்து ஒரே முறையில் கொட்டவும் செய்யலாம். ஆனால் ஒரு முறைக்கு 30-க்கு மேற்படலாகாது.

இவ்வளவுதான் உடன்படிக்கை. பொறியின் உள்ளே என்ன நிகழ வேண்டும் என்று விதி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவர் ஆர்க்கிமிடீஸின் திருகைக் கொண்டு பந்தை ஏற்றலாம். ஒருவர் பஞ்சாபில் ரஹட் என்று வழங்கும் நீரிறைப்புச் சக்கரத்தைப் போலச் சங்கிலியில் சிறு கலங்களைக் கோக்கலாம். மற்றொருவர் நம் ஊர் ஏற்றத்தைப் போல நீண்ட கையை உயர்த்தித் தாழ்த்தலாம். ஜப்பானில் அகியுகி என்ற பெயரால் அறியப்படும் கலைஞர் அமைத்த பொறிகளைக் கண்டு, அவற்றைப் பல நாடுகளில் பலர் மீண்டும் கட்டிப் பார்க்கின்றனர். உள்ளே எல்லையற்ற உரிமை. வாயிலில் மட்டும் கண்டிப்பு. ஒருவரையொருவர் முன்பின் கண்டிராத இருபது பேர் ஒரு கண்காட்சியில் கூடி, தத்தம் பொறிகளை வரிசையாக வைத்துச் சில மணி நேரத்தில் ஓடச் செய்ய முடிவது இதனாலேதான்.

இனி, பொறியை அமைக்கும் முறையைச் சற்று நோக்குவோம். தேர்ந்தவர்கள் மோட்டாரிலிருந்து தொடங்குவதில்லை. வினாடிக்கு ஒரு பந்து என்ற விதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். உதாரணமாக, படிக்கட்டுப் பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்றுவிட்டு ஒரு படி மேலும் கீழும் அசையும். ஒவ்வொரு படியும் சற்றே சரிந்திருப்பதால், உயர்ந்த படியிலிருந்து பந்து அடுத்த படிக்கு உருளும். சைக்கிளின் மிதித்தண்டைப் போன்ற ஒரு கிராங்க் ஒருமுறை சுற்றினால், படியின் அகலத்தில் எத்தனை பந்துகள் அடங்குமோ அத்தனையும் ஒரு படி ஏறும். மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு 360 முறை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். 8 பல் உள்ள சக்கரம் 24 பல் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும். திருகுவலிமை, உராய்வில் இழப்பது போக, ஏறக்குறைய மும்மடங்காகும். இவ்வாறு இருமுறை செய்தால் 360 என்பது 40 ஆகும். படியில் இரு பந்துகள் அடங்கினால் நிமிடத்துக்கு 80 பந்துகள் ஏறும். தேவை 60-தான். எஞ்சிய 20 வீண் என்று எண்ணலாகாது. எல்லாப் படியிலும் எப்பொழுதும் பந்து நிறைந்திராது. வெற்றுப் படிகளுக்கும் இடம் விட்ட கணக்கு அது.

பந்து செல்லும் வழியும் அளவோடு இருக்க வேண்டும். இரு குமிழ் அகலமுள்ள வழி 16 மில்லிமீட்டர், பந்து 14. இடையில் 2 மில்லிமீட்டர் விடுதலை இருப்பதால் பந்து தாராளமாக உருளும். மூன்று குமிழ் அகலம் வைத்தால் 24 மில்லிமீட்டர் ஆகிறது. அதில் இரு பந்துகள் சேர்ந்து செல்லவும் இயலாது, ஒன்று நேரே செல்லவும் இயலாது. இரண்டும் கோணலாக முட்டி நின்றுவிடும். வழி அகலமானால் நடை எளிதாகும் என்ற பொது எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது.

பழுதுகளுள் தலையாயது கூடையில் நேர்வது. கூடையின் அடியில் உள்ள துவாரத்தை நோக்கிப் பல பந்துகள் ஒருங்கே நெருங்கும்போது, மூன்று நான்கு பந்துகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளைவுபோல் நின்றுவிடும். பாலங்களில் கற்களைத் தாங்கி நிற்கும் அதே வளைவின் நியாயம் இங்கே பகையாகிறது. மேலே மேலும் பந்துகளைக் கொட்டினால் வளைவு இன்னும் இறுகும். கூடையின் ஒரு சுவரையோ அடித்தளத்தின் ஒரு பகுதியையோ மெல்ல அசைந்துகொண்டே இருக்கச் செய்வதுதான் இதற்கு மருந்து.

மற்றவை யந்திர உறுப்புகளைச் சார்ந்தவை. நீண்ட பிளாஸ்டிக் அச்சு சுமையால் முறுக்கிக்கொள்ளும். அதன் நடுவே தாங்கல் இல்லாவிடில் வளையும். வளைந்தால் பற்சக்கரங்கள் விலகி ‘டக், டக்’ என்று பல் தாவும். அச்சு நழுவாதிருக்கப் போடும் வளையத்தைச் சட்டத்தோடு மிக இறுக்கினால் உராய்வு மிகுந்து மோட்டார் சூடேறும். ஓட்டமெல்லாம் நன்றாயிருந்தும் மாலையில் பொறி தளர்ந்தால் பாட்டரியின் வலிமை குறைந்திருக்கக் கூடும். பந்து எங்கேனும் அகப்பட்டு யந்திரம் நின்றபோதும் மோட்டார் விடாமல் திருகினால் ஏதேனும் ஓர் உறுப்பு முறியும். இதற்காகவே, அளவுக்கு மீறிய திருகலில் தானே வழுக்கிக்கொடுக்கும் பற்சக்கரம் ஒன்று உண்டு. விட்டுக்கொடுக்கத் தெரிந்த அச்சக்கரம் இருக்குமிடத்தில் மற்ற உறுப்புகள் பிழைக்கின்றன.

எனினும் மிகக் கடினமான பழுது, தோன்றுமிடம் ஒன்றும் பிறக்குமிடம் வேறொன்றுமாக உள்ளதே. இதற்குச் சான்றாக நாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுவோம்.

தில்லியில் நாம் வசிக்கும் குடியிருப்பில், சென்ற கோடை விடுமுறையில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் மூன்று பொறிகளைக் கட்டி வரிசையாக வைத்தனர். முதலாவது, பத்தாம் வகுப்பு மாணவன் அமைத்த சக்கரம். இரண்டாவது, எட்டாம் வகுப்பு மாணவி அமைத்த படிக்கட்டு. மூன்றாவது, அவளினும் இளைய சிறுவனின் ஏற்றம். ஓட்டிப் பார்த்தபோது நின்றதெல்லாம் படிக்கட்டுத்தான். சிறிது நேரத்துக்கு ஒருமுறை அதன் கூடையில் பந்துகள் வளைவு கட்டி அடைத்துக்கொண்டன. “உன் பொறிதான் கெட்டது” என்று இருவரும் கூறினர். அச்சிறுமி அதனை இருமுறை பிரித்துக் கட்டினாள். பயன் இல்லை. மூன்றாம் முறை, “என்னை விட்டுவிடுங்கள், நீங்கள் இருவருமே சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறிக் கட்டைகளைப் பெட்டியில் இடத் தொடங்கிவிட்டாள்.

வழக்கு பெரியவர்களிடம் வந்தது. நாம் தீர்ப்புக் கூறவில்லை. கைக்கடிகாரத்தைக் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்னோம். முதலில் சக்கரத்தை விலக்கி, படிக்கட்டுக்குக் கையால் வினாடிக்கு ஒரு பந்தாகப் பத்து நிமிடம் இட்டார்கள். ஒருமுறையும் அது நிற்கவில்லை. அடுத்துச் சக்கரம் அனுப்பும் பந்துகளை ஐந்து நிமிடம் எண்ணினார்கள். 300-க்குச் சற்றுக் குறைவு. சராசரி பழுதற்றது! “பார்த்தீர்களா, மாமா?” என்றான் மூத்தவன். ஆனால் அப்பந்துகள் எவ்வாறு வந்தன என்பதையும் அவன் தங்கை குறித்து வைத்திருந்தாள். சக்கரத்தின் கடைவாயில், நிறைந்ததும் கவிழும் தொட்டி ஒன்றை அவன் அழகுக்காகப் பொருத்தியிருந்தான். அது முக்கால் நிமிடம் வாளாவிருந்து 45 பந்துகளை ஒரே முறையில் கொட்டிற்று. ஒரு கூடையின் அடியில் ஓர் அடுக்குக்கு 16 பந்துகள் அளவில் கொள்ளும். 30 என்றால் இரண்டு அடுக்கு. 45 என்றால் ஏறக்குறைய மூன்று. அந்த மூன்றாம் அடுக்கின் பாரமே துவாரத்தின் மேல் வளைவை இறுக்கியது.

மூத்தவன் நல்ல பிள்ளை. சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, தொட்டியின் வால் பக்கத்தில் எதிர்ப்பாரமாக வைத்திருந்த கட்டைகள் சிலவற்றைக் கழற்றினான். தொட்டி 25 பந்துகளிலேயே கவிழலாயிற்று, அழகும் கெடவில்லை. அச்சிறுமியும், பழி நீங்கிற்று என்று வாளாவிராமல், கிராங்கிலிருந்து ஒரு சிறு கோலை நீட்டிக் கூடையின் சுவரை அசையச் செய்தாள். அன்று மாலை விளக்கு வைத்த பின்னும் மூன்று பொறிகளும் நில்லாமல் ஓடின.

பழுது பார்க்கும் முறை இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. தொடரைத் துண்டித்து ஒவ்வொரு பொறியையும் தனியே சோதிக்க வேண்டும். மோட்டாரைக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் சுழற்றினால், எந்த இடத்தில் இறுகுகிறது என்பதை விரல் உணர்ந்துவிடும். ஒரு பந்து, பத்துப் பந்து, முப்பது பந்து என்று படிப்படியாக இட்டுப் பார்க்க வேண்டும். தனியே ஒழுங்காகச் செல்லும் பந்து கூட்டத்தில் அவ்வாறு செல்வதில்லை. கண்ணுக்கு எட்டாத விரைவில் நிகழ்வதைக் கைபேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காணலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நின்ற பொறியைக் குற்றஞ்சாட்டுமுன் அதற்கு வந்து சேர்வது எப்படி வருகிறது என்று காண வேண்டும்.

அலுவலகங்களில் பணிபுரியும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. மாதம் முழுவதற்கும் கணக்கிட்டால் தாள்களின் சராசரி சரியாகவே இருக்கும். ஆயினும் அவையனைத்தும் மாதக் கடைசி நாள் மாலையில் ஒரே கட்டாக வந்து இறங்கும். மறுநாள், ‘எங்கே தாமதம்?’ என்ற கேள்வி, கட்டை அனுப்பியவரை விட்டுவிட்டு ஏற்றவரையே நாடி வரும். சராசரி உண்மை பேசுகிறது. ஆனால் முழு உண்மையையும் பேசுவதில்லை. பந்துப் பொறிக்கு விதி வகுத்தவர்கள் இதனை உணர்ந்தே, வினாடிக்கு ஒன்று என்பதோடு நில்லாமல், ஒரு முறைக்கு முப்பது என்ற வரம்பையும் சேர்த்து வைத்தார்கள்.

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் இத்தகைய கட்டைகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தால், இதனால் என்ன பயன் என்று அவர்களைக் கேட்க வேண்டாம். அருகே அமர்ந்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அறுபது பந்துகள் ஒழுங்காகக் கைமாறினால், ஏற்பவரின் கூடை எவ்வளவு கொள்ளும் என்பதை அறிந்து கொடுப்பதற்கு அப்பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம்.